துருவைத் துடைத்தால் எஞ்சின் ஓடிவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில், மேற்கு வர்ஜீனியா மாநிலத்துக் காஸ் என்ற ஊரில், மரம் இழுத்த பழைய நீராவி எஞ்சின்களைத் தன்னார்வலர்கள் காப்பாற்றி வருவது பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். “துருவைத் துடைத்து, எண்ணெய் போட்டு, வண்ணம் பூசி ஓடவிட்டார்கள்” என்று ஒரே வரியில் வேலையை முடித்துவிட்டார் கட்டுரையாளர். கிணற்றடியில் கிடந்த சைக்கிளுக்குக்கூட அது போதாது.

நீராவியை உண்டாக்கும் பாய்லர் என்ற சொல்லே கட்டுரையில் இல்லை. அமெரிக்க விதிப்படி 1,472 ஓட்ட நாட்கள் அல்லது 15 ஆண்டுகள், எது முந்துகிறதோ அப்போது, பாய்லரின் உறையைக் கழற்றி, உள்ளே சூடான புகை செல்லும் டியூப்களை உருவி, தகட்டின் கனத்தை அல்ட்ராசோனிக் கருவியால் இடம் இடமாக அளந்து கணக்குக் கொடுக்க வேண்டும். நெருப்பு எரியும் பெட்டியான ஃபயர்பாக்ஸை வெளித்தகட்டோடு பிணைக்கும் ஸ்டே போல்ட்டுகளைச் சுத்தியலால் தட்டிப் பார்க்கிறார்கள். நல்லது கணீரென்கும், முறிந்தது மொத்தென்கும். போல்ட்டின் வெளிமுனையில் சிறு துளை இருக்கும். உள்ளே முறிந்தால் நீராவி அதன் வழியே கசிந்து காட்டிக்கொடுக்கும். கசிகிறதே என்று துளையை அடைப்பவனை எஞ்சின் பக்கமே விடக்கூடாது. கடைசியில் தண்ணீரை நிரப்பி, வேலை அழுத்தத்தைவிட 25 சதவீதம் ஏற்றிச் சோதனை. 1995-ல் கெட்டிஸ்பர்க் சுற்றுலா ரயிலில், ஃபயர்பாக்ஸின் மேல்தகட்டை மூடியிருக்க வேண்டிய தண்ணீர் குறைந்து, அந்தத் தகடு கிழிந்து, மூன்று ஊழியர்கள் வெந்து காயப்பட்டார்கள். நீர்மட்டக் கண்ணாடிக்குப் போகும் வழி உப்புப் படிந்து அடைத்திருந்தது. இன்றைய கடும் விதி அதற்குப் பிறகு வந்ததுதான்.

காஸ் பாதையின் ஏற்றம் 11 சதவீதம் வரை. அதாவது பாய்லரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் நீர்மட்டம் 11 சென்டிமீட்டர் மாறும். துடைத்த துணி இதைச் சமாளிக்குமா?

பல்சக்கரங்களையும் விட்டுவிட்டீர்கள். காஸில் மரம் இழுத்த ஷே வகை எஞ்சினில் செங்குத்தான சிலிண்டர்கள் பக்கவாட்டுத் தண்டைச் சுழற்ற, தண்டிலுள்ள சரிவான பற்கள் கொண்ட சிறிய பெவல் பல்சக்கரம் சக்கரத்தின் வெளிமுகப் பல்லைப் பிடிக்கும். எல்லாச் சக்கரமும் இழுக்கும். அச்சு பக்கவாட்டில் ஆட்டம் கண்டால் பல் பிடிப்பு ஆழம் மாறி, பல் தேயும். பிறகு பல்லை மட்டும் மாற்றிப் பயனில்லை, முதலில் ஆட்டத்தை எடுக்க வேண்டும்.

இனி புகைப்படம். 1905-ல் கட்டிய 5-ஆம் எண் எஞ்சினை இடவலம் புரட்டி அச்சிட்டிருக்கிறீர்கள். அந்தச் சிலிண்டர்கள் இருப்பது வலப்பக்கம். எடையைச் சமப்படுத்தத்தான் பாய்லரை இடப்பக்கம் தள்ளி வைத்திருக்கிறார்கள். அது தெரியாவிட்டால் போகட்டும், எஞ்சின் மேலிருந்த 5 கண்ணாடியில் பார்த்தது போல நின்றதே, அதுவுமா கண்ணில் படவில்லை?

உங்களுக்கு இது புதிதல்ல. ஊட்டி மலை ரயிலை ஒவ்வொரு கோடை இதழிலும் “பொம்மை ரயில்” என்கிறீர்கள். ஏறக்குறைய பன்னிரண்டு அடிக்கு ஓரடி உயரும் ஏற்றத்தில் பல்தண்டவாளத்தைப் பிடித்து ஏறுவது பொம்மையா? பரம்பிக்குளம் பற்றிய பயணக் கட்டுரையில் புலி வந்தது, யானை வந்தது. அங்கிருந்து சாலக்குடிக்குத் தேக்கு இறக்கி 1963-ல் மூடப்பட்ட டிராம்வே என்ற காட்டு ரயிலுக்கு அரை வரிகூடக் கிடைக்கவில்லை.

அதையெல்லாம் இப்போது சரிசெய்யச் சொல்லவில்லை. அடுத்த இதழில் அந்தப் படத்தை நேராக அச்சிட்டால் போதும். சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகர்,
திருச்சி