ஏரி நடுவே ஒரு பாய்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியைப் படித்ததும் சத்தம் போட்டே சிரித்துவிட்டேன். நீ தாத்தாவா! அவளுக்கு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன், கடைசியில் சொல்கிறேன்.

மகளோடு பெருவின் தலைநகர் லிமாவில் தங்கி ஒரு மாதம் ஆகிறது. போன வாரம் என்னை டிட்டிகாகா ஏரிக்குக் கூட்டிப்போனாள். பெருவுக்கும் பொலிவியாவுக்கும் நடுவே, 3,812 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நாம் தொட்டபெட்டா ஏறினோமே, அதைவிட ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம். கரையிலுள்ள பூனோ ஊரில் முதல் நாள் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. விடுதியில் கோகா இலை போட்ட வெந்நீர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு நாள் முழுக்கப் படுத்தே கிடந்தேன்.

மறுநாள் படகில் ஊரோஸ் மக்களின் மிதக்கும் தீவுகளுக்குப் போனோம். இறங்கிக் கால் வைத்ததும் தரை மெத்தைபோல அமுங்கியது. அப்போது எழுந்த வாசனை உங்கள் வீட்டுத் திண்ணையின் வாசனை! அம்மா கோரைப் பாய் நெய்யும்போது வருமே, அதேதான். தோத்தோரா என்று அவர்கள் சொல்லும் அந்தப் புல்லும் கோரைக் குடும்பம்தான்.

தீவு கட்டும் விதத்தைத் தரையில் உட்கார்ந்து செய்து காட்டினார்கள். தோத்தோராவின் வேர்க்கட்டிகள் நீரில் மிதக்கும். அவற்றைக் கட்டி கட்டியாக ரம்பத்தால் அறுத்து, குச்சி அடித்துக் கயிற்றால் பிணைக்கிறார்கள். அதன்மேல் தோத்தோராவைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்புகிறார்கள். காற்று தள்ளிக்கொண்டு போகாமல் இருக்கச் சுற்றிலும் கழி நட்டுக் கட்டிவைக்கிறார்கள். அடியில் புல் அழுகிக்கொண்டே போகும், அதனால் சில வாரங்களுக்கு ஒருமுறை மேலே புதிதாகப் போட வேண்டும். போடாவிட்டால் வீடே தண்ணீருக்குள் இறங்கிவிடும். வீடு, படகு எல்லாம் அதே புல்தான். தண்டின் வெள்ளை அடிப்பகுதியை உரித்துத் தின்னவும் கொடுத்தார்கள். எங்களோடு பேசிக்கொண்டே ஒரு பாட்டி சட்டியில் சமைத்துக்கொண்டிருந்தார். அடுப்புக்குக் கீழே மட்டும் கல்.

ஊரோக்களின் சொந்த மொழி இங்கே வழக்கொழிந்துவிட்டது, இப்போது பேசுவது அய்மாரா. அதைக் கேட்டபோது மனது கனத்தது. 2023-ல் மழை பொய்த்து ஏரி வெகுவாக வற்றியதையும் சொன்னார்கள். நீர் இறங்கிக் கரையோரத் தோத்தோரா காய்ந்தால் அவர்களுக்கு நிலமே போன மாதிரி. சுற்றுலாக்காரர்களுக்காகத்தான் இப்படி வாழ்கிறார்கள் என்று பேசுகிறவர்கள் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம்மிடம் விற்கிறார்கள், உண்மைதான். ஆனால் நாம் கிளம்பிய பிறகும் புல்லை அறுத்துப் பரப்ப வேண்டியது அவர்கள்தானே.

அப்புறம் தக்கீலே. இது மண்ணும் கல்லுமான தீவு, பேச்சு கெச்சுவா. படகுத்துறையிலிருந்து 500-க்கும் மேற்பட்ட படிகள். மகள் கையைப் பிடித்து, நின்று நின்று ஏறினேன். எதிரே இறங்கி வந்த ஆண்கள் நடந்தபடியே கம்பளித் தொப்பி பின்னிக்கொண்டு வந்தார்கள்! அங்கே பின்னல் ஆண்கள் வேலை, சிறு வயதிலேயே பழகிவிடுகிறார்கள். தறியில் நெய்வது பெரும்பாலும் பெண்கள். முழுச் சிவப்புத் தொப்பி என்றால் கல்யாணமானவர், மேல்பாதி வெள்ளை என்றால் ஆகாதவர். ஆண்கள் இடுப்பில் கட்டும் அகலக் கச்சையில் விதைப்பும் அறுப்பும் சடங்குமாக ஒரு வருஷமே நெய்யப்பட்டிருக்கிறது. இந்த நெசவுக் கலையை 2005-ல் யுனெஸ்கோ மனிதகுல மரபுச் செல்வமாக அறிவித்தது.

உன் பேத்திக்கு வாங்கியது அங்கேதான், காதை மூடும் சின்னத் தொப்பி. நம் ஊர் வெயிலுக்கு ஆகாது, மார்கழிப் பனியில் போட்டுப் பார். அதோடு ஊரோஸ் தீவில் வாங்கிய கையகலத் தோத்தோராப் படகு ஒன்றும் வைத்திருக்கிறேன். அது அம்மாவுக்கு. கண் மங்கியதால் தறியை எடுத்து வைத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாயே, கையில் கொடு, தடவிப் பார்க்கட்டும். படகை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று அம்மா சொல்வதை அப்படியே எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்