விட்ட காய்ச்சல் திரும்பினால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஃப்ளூ பற்றிய சென்ற வாரக் கட்டுரையில் 'வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது' என்று அழுத்திச் சொல்லியிருந்தீர்கள். சரிதான். தும்மல் வந்ததுமே மருந்துக் கடையில் அசித்ரோமைசின் கேட்டு நிற்பவர்கள் படிக்க வேண்டிய வரி. ஆனால் விஷயம் அங்கேயே முடிந்துவிடுவதில்லை. பாக்டீரியாவின் பேச்சையே கட்டுரை எடுக்கவில்லை.

1918 ஃப்ளூவைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள். அதில் பெரும்பாலான உயிர்களைப் பறித்தது பின்னாலேயே வந்த பாக்டீரியா நிமோனியா. அப்போது இறந்த 58 பேரின் நுரையீரல் திசுக்களை அமெரிக்க ஆய்வாளர்கள் மறுபடி எடுத்துப் பார்த்து 2008இல் எழுதினார்கள். அத்தனையிலும் அதன் தடயம் இருந்தது. பென்சிலின் கண்டுபிடிக்காத காலம் வேறு.

வைரஸிடம் நியூராமினிடேஸ் என்றொரு நொதி உண்டு. மூச்சுக்குழாய் செல்களின் மேலிருக்கும் சியாலிக் அமிலத்தை அது வெட்டிவிட, சும்மா மூக்கிலும் தொண்டையிலும் கிடந்த நிமோகாக்கஸ் என்ற நிமோனியா பாக்டீரியா ஒட்டிக்கொள்ள இடம் கிடைக்கிறது. பாக்டீரியாவும் பதிலுக்குக் கைகொடுக்கும். வைரஸின் ஹீமக்ளூட்டினின் புரதம் வெட்டுப்பட்டால்தான் அதனால் செல்லுக்குள் தொற்ற முடியும். சில ஸ்டஃபைலோகாக்கஸ் வகைகளின் நொதி அந்த வேலையைச் செய்து கொடுத்து, நோயை முற்ற வைப்பதை 1987லேயே எலிகளில் காட்டிவிட்டார்கள்.

நான் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இப்படிப்பட்ட நோயாளியின் சளியை ஸ்லைடில் தடவி, பாக்டீரியாவை அடையாளம் காட்டும் 'கிராம்' சாயம் ஏற்றினால், சீழ் செல்களுக்கு நடுவே ஊதா நிறத்தில் நிமோகாக்கஸ் ஜோடி ஜோடியாக நிற்கும். அந்த நிலையில் ஆன்டிபயாட்டிக்தான் உயிர் காக்கும் மருந்து. உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, 'வைரஸ்தானே, தானாகப் போய்விடும்' என்று ஒருவர் வீட்டில் படுத்துக் கிடந்தால்?

காய்ச்சல் விட்டு, எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு மறுபடி குளிர் காய்ச்சல், மூச்சிரைப்பு, மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தல், துருநிறச் சளி என்று வந்தால் பாராசிட்டமாலோடு காத்திருக்காமல் அன்றே டாக்டரைப் பார்க்கச் சொல்லி ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். குழந்தைகளுக்கு நிமோகாக்கஸ் தடுப்பூசி 2021 முதல் நாடு முழுக்க அரசே இலவசமாகப் போடுகிறது. என் வயதுக்காரர்கள்தான் டாக்டரிடம் கேட்டு, காசு கொடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. அதையும் பெட்டியில் சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்பநர் ஒருவர்,
தஞ்சாவூர்