மத்தியானம் ஒருமுறை வந்து பாருங்கள்

எங்கள் பகுதி மின்விநியோக அதிகாரிகளுக்கு,

வணக்கம். கூரை சோலார் போட்டதிலிருந்து மத்தியானத்தில் எங்கள் தெருவில் வோல்டேஜ் அளவுக்கு மேல் ஏறுகிறது என்று மூன்று மனு கொடுத்தாயிற்று. மூன்றாவதற்குப் பதிலாகப் போன வாரம் அலுவலர் ஒருவர் நேரிலேயே வந்தார். சந்தோஷம்தான். ஆனால் அவர் வந்தது சாயங்காலம் ஆறே முக்காலுக்கு. மீட்டர் போர்டில் அளந்து பார்த்துவிட்டு, "198தான் காட்டுது, ஓவர் வோல்டேஜ்னு எழுதியிருக்கீங்களே சார்" என்று சிரித்தார். சோலார் பற்றிய புகாரைச் சூரியன் அடைந்த பிறகு பரிசோதித்து, 'குறை ஏதும் இல்லை' என்று எழுதி, என்னிடமே கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். வீட்டுக்கு வர வேண்டிய 230 வோல்ட்டில் பத்து சதவீதம் கழித்தால் 207. அப்படிப் பார்த்தால் 198-ம் குறைதான். அதை வேறு மனுவில் வைத்துக்கொள்ளலாம்.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. மத்தியானம் 12 மணிக்கு ஒருமுறை வந்து அளந்து பாருங்கள்.

பின்கதை உங்கள் கோப்பில் இருக்கிறது. 2024-ல் மத்திய அரசு வீட்டுக்கூரை சோலாருக்கு 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் அறிவித்தது. எங்கள் தெருவில் ஆறு வீடுகள் போட்டோம். லைனில் வருகிற மூன்று பேஸ் கம்பிகளில், ஆறில் ஐந்து வீடு ஒரே பேஸில் இருக்கின்றன. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து என் வீடு பதினாலாவது கம்பம். கடைமடை. மேட்டூரை ஜூன் 12-ல் திறந்தாலும் எங்களுக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மின்சாரமும் அப்படித்தான். ராத்திரி வந்தால் ட்யூப்லைட் கண்ணைச் சிமிட்டும்.

பகலில் கதை தலைகீழ். சித்திரை மாதம், சம்பா அறுவடை முடிந்து உளுந்தும் எடுத்தாயிற்று, வயல் காய்ந்து கிடக்கிறது, மோட்டார் ஓடவில்லை. வீடுகளில் ஓடுவது ஒரு ஃபேன், ஒரு ஃபிரிட்ஜ். ஐந்து கூரையிலிருந்தும் வருகிற மின்சாரத்தை எடுத்துக்கொள்ள ஆளில்லை. அணில் ஓடத்தான் லாயக்கு என்கிற மாதிரி மெல்லிசான கம்பி. அதற்கு ஸ்க்விரல் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், பொருத்தம்தான். அந்தக் கம்பி வழியாகத் திரும்பி டிரான்ஸ்ஃபார்மர் வரைக்கும் தள்ள வேண்டியிருப்பதால் எங்கள் முனையில் வோல்டேஜ் ஏறுகிறது. வடிகால் தூர்ந்து போனால் வயலில் தண்ணீர் மட்டம் ஏறுமே, அதேதான். போதாக்குறைக்கு, முன்பு ராத்திரி லோ வோல்டேஜ் என்று நாங்கள் புகார் கொடுத்தபோது டிரான்ஸ்ஃபார்மரில் டேப்பை, அதாவது புறப்படும் வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கிற படியை, ஏற்றி வைத்தீர்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான். அதனால் பகலில் புறப்படும்போதே 243.

நான் ரேடியோ மெக்கானிக் படித்தவன். மிக்ஸி, ஃபேன், டிவி ரிப்பேர்தான் பிழைப்பு. ஒரு நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். காலை 9 மணி, 245. பதினொன்றரை, 251. பன்னிரண்டு பத்துக்கு 254, சோலார் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றி லைனுக்கு அனுப்புகிற இன்வெர்ட்டருக்குள் 'டக்' என்று ரிலே (இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) கழன்றுகொள்ளும். உடனே வோல்டேஜ் இறங்கும். ஒரு நிமிடம் காத்திருந்து மறுபடி இணையும், ஏறும், 'டக்'. பக்கத்து வீடுகளிலும் கிட்டத்தட்ட அதே நேரத்தில். ஒரு நாள் எண்ணினேன், 41 தடவை. பன்னிரண்டு யூனிட் வர வேண்டிய நாளில் ஏழு வந்தது.

இன்வெர்ட்டரைக் குற்றம் சொல்ல மாட்டேன். 230-க்கு மேல் பத்து சதவீதம், அதாவது 253-ஐத் தாண்டினால் அது விலகிக்கொள்ள வேண்டும். லைன் செத்தால் இரண்டு விநாடிக்குள் நின்றுவிட வேண்டும். இல்லாவிட்டால் எங்கள் சோலார் கரண்ட் செத்த லைனில் பாயும், கம்பத்தில் ஏறியிருக்கிற லைன்மேன் உயிர் அதில் இருக்கிறது. கரண்ட் போனால் சோலார் வீட்டிலும் இருட்டு என்று ஊரில் கேலி செய்தபோதெல்லாம் நான் இதைத்தான் சொன்னேன்.

சரி, இப்போது சொல்லக் கூசுகிற விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் அலுவலகத்தில் "அது இன்வெர்ட்டர் பிரச்சனை, கம்பெனியைக் கேளுங்க" என்றார்கள். கம்பெனியில் "லைன் பிரச்சனை, ஆபீஸைக் கேளுங்க" என்றார்கள். கடைசியில் சோலார் மாட்டிக் கொடுத்த பையன் போனிலேயே கடவுச்சொல்லைப் போட்டு, மேல் வரம்பை 270-க்கு ஏற்றிவிட்டான். "இனிமே கட் ஆகாது அண்ணே" என்றான். ஆகவில்லை. பத்து நாள் பன்னிரண்டு யூனிட் குறையாமல் வந்தது. நானும் மகிழ்ந்து போனேன்.

பதினோராம் நாள் எதிர்வீட்டு அக்கா கடைக்கு வந்தார். இட்லி மாவு அரைத்துத் தெருவுக்கெல்லாம் கொடுத்துப் பிழைக்கிறவர். ஃபிரிட்ஜ் தவணையில் வாங்கியது, இன்னும் நான்கு தவணை பாக்கி. "தம்பி, நேத்து மத்தியானத்துலேர்ந்து குளுரல, மாவு பூரா பொங்கி வழிஞ்சிட்டு, கொஞ்சம் வந்து பாரேன்" என்றார். ஃபிரிட்ஜின் போர்டைக் கழற்றினேன். அதில் மின்சாரத்தைத் தேக்குகிற கப்பாசிட்டர் தலை உப்பி நின்றது. அவர் வீட்டு பிளக்கில் அளந்தேன், 267. சட்டென்று என் வீட்டுக்குப் போய் இன்வெர்ட்டரை நிறுத்திவிட்டு வந்து மறுபடி அளந்தேன். வோல்டேஜ் நன்றாக இறங்கியிருந்தது. என் கூரையில் அடித்த வெயில் அவர் ஃபிரிட்ஜை எரித்திருக்கிறது.

கப்பாசிட்டர் மாற்றிக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. கொல்லைக் குழியில் அவர் கொட்டிய மாவு மூன்று வாளி இருக்கும். காரணத்தை இன்னும் அவரிடம் சொல்லவில்லை. இந்த மடலைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறார். அன்றே வரம்பைப் பழையபடி 253-ல் வைக்கச் சொல்லிவிட்டேன். இப்போது மறுபடியும் 'டக்', 'டக்'.

வெட்டுவதா எரிப்பதா என்ற இரண்டுக்கும் நடுவில் வழி இல்லாமல் இல்லை. என் இன்வெர்ட்டருக்குள்ளேயே அது தூங்கிக்கொண்டிருக்கிறது. வோல்டேஜ் ஏற ஏறத் தள்ளுகிற வாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்வது ஒரு முறை, வோல்ட்-வாட் என்பார்கள். வேலை எதுவும் செய்யாமல் கம்பியில் போய்வருகிற ரியாக்டிவ் பவரை இழுத்துக்கொண்டு வோல்டேஜை அமுக்குவது இன்னொன்று, வோல்ட்-வார். எங்கள் மாதிரி மெல்லிசான கம்பியில் இரண்டாவது பாதிதான் வேலை செய்யும், தெரியும். இருந்தாலும் முழுசாகக் கழன்றுகொள்வதற்கு ஒரு கிலோவாட் குறைத்துக்கொள்வது மேல் இல்லையா? ஆஸ்திரேலியாவில் 2021 டிசம்பரிலிருந்து புதிதாக மாட்டுகிற ஒவ்வொன்றிலும் இந்த இரண்டும் இயங்கும்படி வைத்தே கொடுக்க வேண்டும் என்று விதி. ஜெர்மனியில் மின்சாரத்தின் அதிர்வெண் வழக்கமான 50-லிருந்து 50.2 ஹெர்ட்ஸைத் தாண்டினால் எல்லா இன்வெர்ட்டரும் ஒரே நொடியில் கழன்றுகொள்ளும்படி வைத்திருந்தார்கள். அது ஆபத்து என்று புரிந்ததும் 2012-ல் சட்டம் போட்டுப் பழையவற்றில் பெரியவற்றைத் திருத்த வைத்தார்கள். இங்கே வோல்ட்-வாட், வோல்ட்-வார் அமைப்பைத் தொடக் கம்பெனிக்காரர் பயப்படுகிறார், அலுவலகம் எழுதிக் கொடுத்தால் செய்கிறேன் என்கிறார். எழுதிக் கொடுக்க நீங்கள் முதலில் அளக்க வேண்டும். அளக்க மத்தியானம் வர வேண்டும்.

அப்புறம், ஸ்மார்ட் மீட்டர் வந்தால் எல்லாம் ஆபீஸிலிருந்தே தெரியும் என்று அன்று வந்தவர் சொன்னார். வரட்டும். அதுவே வோல்டேஜைக் குறித்து அனுப்புமாம். அதைப் பார்ப்பவர் சாயங்காலம் ஆறே முக்காலுக்குத்தான் பார்ப்பார் என்றால் மீட்டர் எவ்வளவு ஸ்மார்ட்டாக இருந்து என்ன? கஜா புயல் 2018 நவம்பர் 16-ல் அடித்தபோது வெளி மாவட்டத்துத் தொழிலாளர்கள் இடுப்பளவுச் சேற்றில் நின்று கம்பம் நட்டதைப் பார்த்தவன் நான். அவர்களுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன். அவ்வளவு பேரால் முடிந்தது, ஒரு கிளாம்ப் மீட்டரை உச்சி வெயிலில் எடுத்துவர முடியாதா என்று கேட்கத் தோன்றுகிறது. கோபத்தில் எழுதிவிட்டேன், மன்னிக்கவும்.

பணிவாகவே கேட்கிறேன். ஒரு மத்தியானம் வாருங்கள். ஐந்து வீட்டில் இரண்டையாவது வேறு பேஸுக்கு மாற்ற முடியுமா பாருங்கள். டேப்பை ஒரு படி இறக்கினால் ராத்திரி எவ்வளவு அடிவாங்கும் என்று இரண்டு நேரமும் அளந்து முடிவு செய்யுங்கள். இன்வெர்ட்டரில் எந்த வோல்ட்டுக்கு எவ்வளவு குறைய வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி முத்திரை வைத்துக் கொடுங்கள். என் நோட்டைத் தருகிறேன், ஏணியும் பிடிக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். அன்றைக்கு எல்லா வீட்டிலும் ஆள் இருக்கும், கிரைண்டரும் அயர்ன் பாக்ஸும் ஓடும், 246-ஐத் தாண்டாது. செவ்வாய் அல்லது புதன், 12 மணி.

இப்படிக்கு,
பதினாலாவது கம்பத்து ரிப்பேர் கடைக்காரன்