பச்சை ஸ்வெட்டர் அக்காவுக்கு

போன சனிக்கிழமை குன்னூரில் ராக் கச்சேரிக்கு வந்து, இடதுபக்க ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றிருந்த பச்சை ஸ்வெட்டர் அக்காவுக்கு இந்தப் பதிவு. பேர் கேட்க மறந்துவிட்டேன்.

சொந்தப் பாட்டு மட்டுமே பாடும் சின்ன பேண்ட், நாலே பேர். குன்னூர் குளிரில் கம்பி இறுகிச் சுருதி ஏறிக்கொண்டே இருந்ததால், பாட்டுக்குப் பாட்டு கிட்டாரை முறுக்கிச் சரிசெய்தார்கள். ஆனால் என்ன, டிரம்ஸ் அடி ஒவ்வொன்றும் நெஞ்சுக்கூட்டில் வந்து விழுந்தது. குதித்த குதியில் என் மஃப்ளர் எங்கே போனதென்றே தெரியவில்லை.

மூன்றாவது பாட்டில் காது ரீங்கரிக்க ஆரம்பித்தது. நான் முகம் சுளித்ததைப் பார்த்து, பையிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் இரண்டு காதடைப்பான் எடுத்து நீட்டினீர்கள். அப்படியே திணிக்கப் போனேன். தலையில் லேசாகத் தட்டி, விரலிடுக்கில் திரி மாதிரி உருட்டி, காதுமடலை மேலே இழுத்து உள்ளே வைத்து, அது விரியும்வரை பிடித்துக்கொள்ள வேண்டும் என்று காட்டினீர்கள். பேச்சே கேட்காத இடம், எல்லாம் சைகைதான். அதற்கப்புறம்தான் பாடகர் என்ன பாடுகிறார் என்றே எனக்குப் புரிந்தது!

100 டெசிபல் சத்தத்தில் கால் மணி நேரத்துக்கு மேல் நிற்பது காதுக்கு ஆகாது என்று வீட்டுக்கு வந்துதான் படித்தேன். நான் நின்றதோ இரண்டு மணி நேரம்.

ரொம்ப நன்றி அக்கா. மஃப்ளர் ஊதா நிறம். உங்கள் பக்கம் பறந்து வந்திருந்தால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.