இடி ஓய்ந்து 30 நிமிடம் கழித்தே பிள்ளைகளை அனுப்புவோம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இடிமழைக் காலம் தொடங்கிவிட்டது. பள்ளி விடும் நேரத்தில் இடி கேட்டால் பிள்ளைகளை வகுப்பறையிலேயே உட்கார வைப்போம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே வெளியே விடுவோம். நடுவில் ஒரு முறை உறுமினாலும் 30 நிமிடத்தை மறுபடி முதலிலிருந்து எண்ணுவோம். மழைதான் நின்றுவிட்டதே, இன்னும் ஏன் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று தோன்றும். மழை பெய்யும் இடத்திலிருந்து 10, 15 கிலோமீட்டர் தள்ளிக்கூட மின்னல் இறங்கும்.

அழைத்துப்போக வருகிறவர்கள் தயவுசெய்து மரத்தடியில் நிற்காதீர்கள், உள்ளே வந்துவிடுங்கள். மரத்தில் விழும் மின்னல் பக்கத்தில் நிற்பவர் மீது தாவும், தரை வழியாகவும் பரவும். பக்கச் சுவர் இல்லாத சைக்கிள் கொட்டகையும் ஆகாது. கண்ணாடியை ஏற்றிவிட்ட காருக்குள் இருக்கலாம். அங்கே காப்பது டயர் அல்ல, மின்சாரத்தைச் சுற்றிக் கடத்தித் தரைக்கு அனுப்பும் காரின் உலோகக் கூரையும் பக்கங்களும்தான். அதனால் பைக்கில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

வகுப்பில் பிள்ளைகளுக்கு மேகம் பார்க்கக் கற்றுத் தருகிறோம். வீட்டிலும் அவர்களோடு வானத்தைப் பாருங்கள். இறகு போல மிக உயரத்தில் தெரியும் கீற்று மேகம் இடிக்காது. சாம்பல் போர்வை போன்ற படை மேகம் தூறலோடு நின்றுவிடும். கண் வைக்க வேண்டியது திரள் மேகத்தின் மீது. அடி தட்டையாக, பஞ்சுப் பொதி போலச் சிறிதாக இருக்கும்வரை கவலையில்லை. அகலத்தைவிட உயரம் கூடி, உச்சி காலிஃப்ளவர் போலக் கூரான விளிம்போடு புடைத்தால் அது வேகமாக வளர்கிறது. அந்தக் கூரான விளிம்பு மங்கி, நார் நாராகத் தெரிந்தால் உச்சியில் நீர்த்துளிகள் உறைந்துவிட்டன என்று பொருள். பனித்துகள்கள் ஒன்றோடொன்று மோதித்தான் மின்னூட்டம் சேர்கிறது. இதுவே இடி இடிக்கும் கார்திரள் மேகம். 12 கிலோமீட்டருக்கு மேலும் எழும், உச்சி கொல்லன் பட்டடை போலத் தட்டையாக விரியும். தலைக்கு மேல் வந்துவிட்டால் உச்சி தெரியாது, கறுத்த அடி மட்டுமே தெரியும். திடீரென்று குளிர்காற்று அடித்தால் மழை வாசலுக்கு வந்துவிட்டது. ஆகவே தூரத்தில் இருக்கும்போதே அடையாளம் காணப் பழக்குங்கள்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணும் வினாடிகளை மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர் தூரம் கிடைக்கும். பிள்ளைகளுக்கு நல்ல கணக்கு. ஆனால் தூரம்தானே என்று விளையாட்டைத் தொடரக் கூடாது, இடி காதில் விழுந்தாலே உள்ளே வர வேண்டும்.

வீட்டில் அந்த நேரம் குளிப்பதும் பாத்திரம் கழுவுவதும் வேண்டாம். சார்ஜரில் செருகிய போனைத் தொடக் கூடாது. செருகாத செல்போன் மின்னலை இழுக்காது. டிவி பிளக்கை முன்கூட்டியே கழற்றுங்கள், இடிக்கும்போது கை வைக்காதீர்கள்.

மின்னல் தாக்கியவரைத் தொட்டால் ஷாக் அடிக்காது. இந்தப் பயத்தில் விலகி நிற்பதால் உயிர் போகிறது. ஆம்புலன்சை அழைத்துவிட்டு, மூச்சு இல்லையென்றால் உடனே நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள். பெரியவர்களுக்கு 5 செ.மீ. ஆழம், குழந்தைக்கு மார்பின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு.

தாமதமாகும் நாளில் உங்களுக்குத் தகவல் அனுப்புவோம். போன் எண் மாறியிருந்தால் வகுப்பாசிரியரிடம் இந்த வாரமே எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்