கட்டையும் குழலும்: மகளுக்கு எழுதியது

அன்பு மகளுக்கு,

உன் கடிதமும் இலக்குத் தாள்களின் படங்களும் கிடைத்தன. கோடையில் சீரோ செய்து, அதாவது குறிவைத்த இடத்திலேயே குண்டு படும்படி சரிசெய்து, வைத்த ரைஃபிள் இப்போது கனடாவின் பிரின்ஸ் ஜார்ஜில் பெய்யும் மழையில் 100 மீட்டரில் 4 சென்டிமீட்டர் இடப்பக்கம் தள்ளிச் சுடுகிறது என்றும், மூன்றாவது குண்டிலிருந்து மேலே ஏறுகிறது என்றும் எழுதியிருந்தாய். புது ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) வாங்கலாமா என்று மாப்பிள்ளை கேட்பதாகவும் சொல்லியிருந்தாய். அவசரப்பட வேண்டாம் அம்மா. ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் திருகுகள் இறுக்கமாக இருக்கின்றனவா என்று பார். அவை சரியாக இருந்தால், கோளாறு கட்டையில், அதாவது குழலையும் இரும்புப் பாகங்களையும் தாங்கும் மர உடலில்தான் இருக்கும். இராணுவத்தில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பவனாக, இருந்த காலத்தில், குழல் கெட்டு என் மேசைக்கு வந்த ரைஃபிள்களைவிடக் கட்டை சரியாகப் பொருந்தாமல் வந்தவையே அதிகம்.

குண்டு வெளியேறும்போது எழும் பின்னுதைப்பை, ரிசீவரின் (குழல் பொருத்தப்பட்டிருக்கும் இரும்பு உடற்பகுதியின்) அடியில் முன்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ரீகாயில் லக் என்ற இரும்புத் துண்டு கட்டைக்குக் கடத்துகிறது. அந்த லக்கின் பின்முகம் மரத்தில் முழுமையாகப் படியாவிட்டால், ஒவ்வொரு குண்டுக்குப் பின்னும் ரிசீவர் வெவ்வேறு நிலையில் வந்து உட்காரும். வால்நட் மரமோ, வீட்டுக் கதவு மழைக்காலத்தில் நிலையோடு பிடிப்பதுபோல ஈரத்தில் ஊதும். குழலுக்கு அடியில் நீளும் முன்கட்டை வளைந்து குழலை ஒரு பக்கமாக அழுத்தும். உன் தாளில் குண்டுகள் இடப்பக்கம் தள்ளியிருப்பதற்கு அதுவே காரணமாக இருக்க வேண்டும். குழல் சூடேறும்போது அந்த அழுத்தமும் மாறுவதால் குண்டு மேலே ஏறுகிறது. ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலை லீ என்ஃபீல்டு என்ற பழைய இராணுவ ரைஃபிளுக்குக் கோச்வுட் மரத்தில் கட்டை செய்தபோது, உதைப்பு தாங்கும் இடத்தில் செப்புத் தகடுகளைப் பதித்தது. உங்கள் கனடா இராணுவத்தின் ரேஞ்சர்கள் அந்த லீ என்ஃபீல்டுக்குப் பதிலாகப் பெற்றிருக்கும் சி19 ரைஃபிளின் கட்டை, மரத் தகடுகளை அடுக்கி ஒட்டிய லேமினேட். ஈரத்தில் அது எளிதில் வளையாது.

போல்ட்டை (தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் இரும்புத் தண்டை) கழற்றி, தோட்டா இருக்கும் அறையான சேம்பர் காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொண்டு, ஒரு ஐந்து டாலர் நோட்டைக் குழலுக்கும் முன்கட்டைக்கும் இடையே நுழைத்து ரிசீவர்வரை இழுத்து, எங்காவது சிக்குகிறதா என்று பார். பிறகு கட்டையின் நுனியும் குழலும் சேருமிடத்தில் விரலை வைத்துக்கொண்டு ரிசீவரைக் கட்டையோடு பிணைக்கும் முன் திருகை மெல்லத் தளர்த்து. குழல் மேலெழுவது விரலுக்குத் தெரிந்தால், திருகை இறுக்கும்போதெல்லாம் ரிசீவர் வளைகிறது என்று பொருள். டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) கிடைத்தால் அளந்து எழுது, 0.003 அங்குலத்துக்கு மேல் அசைந்தால் பெட்டிங், அதாவது ரிசீவர் அசையாமல் படிய எபாக்ஸி பசையால் கட்டையில் படுகை அமைப்பது, செய்தே தீர வேண்டும். நோட்டு நுனியில் மட்டும் சிக்கினால், உடனே உப்புத்தாளை எடுத்துவிடாதே. சில தொழிற்சாலைகள் அங்கே வேண்டுமென்றே சிறிய மேடு விடுவதுண்டு. அதனால் நன்றாகச் சுடும் ரைஃபிள்களும் இருக்கின்றன.

பெட்டிங்கை அங்குள்ள துப்பாக்கித் தச்சரிடம் கொடுத்தாலும், அவர் செய்வதைப் பக்கத்தில் நின்று கவனி. திருகுகளைச் சுற்றி அலுமினியத் தூண்கள் வைக்கச் சொல். அப்போதுதான் மரம் நசுங்காது, இறுக்கமும் மாறாது. லக்கின் முன்முகம், பக்கங்கள், அடி ஆகியவற்றில் டேப் ஒட்டி, பின்முகம் மட்டும் எபாக்ஸியில் படியும்படி செய்ய வேண்டும். இரும்பு முழுவதும் மெழுகு பூசாமலும், ஓட்டைகளைக் களிமண்ணால் அடைக்காமலும் எபாக்ஸியை ஊற்றிவிட்டால், ரிசீவரும் கட்டையும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு, பிரிக்கும்போது கட்டை பிளந்துவிடும். எபாக்ஸி இறுகும்வரை திருகுகளை முறுக்கக் கூடாது. இரும்பு வளையாமல் தானாக அமர வேண்டும். கடைசியில் கட்டையின் உட்புறத்துக்கும் வார்னிஷ் அடிக்க வேண்டும். வெளியே பளபளவென்று மெருகேற்றிவிட்டு உள்ளே வெறும் மரமாக விடுவதை நான் மன்னிக்கவே மாட்டேன்.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இங்கே இந்தியாவில் வேட்டைக்கு இடமில்லை. ஆகவே மானைத் தேடிப் போவதைப் பற்றிச் சொல்ல என்னிடம் எதுவுமில்லை. ஆனால் 100 மீட்டரில் 4 சென்டிமீட்டர் விலகும் குண்டு 250 மீட்டரில் 10 சென்டிமீட்டர் விலகும். மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் அகலமே. நடுவில் குறிவைத்தாலும் குண்டு அதன் விளிம்பில்தான் படும். காயத்தோடு காட்டுக்குள் ஓடும் அந்த உயிரை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. கட்டை சரியாகும்வரை ரைஃபிளைக் காட்டுக்கு எடுத்துப் போகாதே.

வேலை முடிந்ததும் ஒரே மூச்சில் ஐந்து குண்டு சுட்டுப் பார்க்காதே. வேட்டையில் உதவுவது ஆறிய குழலின் முதல் குண்டுதான். வெவ்வேறு நாட்களில், மழைநாளும் சேர்த்து, ஒரே தாளில் ஒவ்வொரு குண்டாகச் சுட்டு, அந்தத் தாளை எனக்கு அனுப்பு.

அன்புடன்,
அப்பா