கம்பும் சலங்கையும் சேர்ந்தால் கலப்படமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்கள் வாசகர் கடிதம் பகுதியில் ஒரு பெரியவர் எழுதியிருந்ததைப் படித்தேன். புதுச்சேரியில் ஏதோ ஒரு மேடையில், நன்றாகப் பரதநாட்டியம் ஆடத் தெரிந்த பிள்ளைகள் கேரளத்துச் சண்டைக் கலையான களரியின் அடி வைத்துப் பாய்ந்தார்கள், தரையில் உருண்டார்கள், நடுநடுவே வசனம் வேறு பேசினார்கள் என்று வருத்தப்பட்டு, பாலில் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று முடித்திருந்தார். அவர் வயதுக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்தப் பாலையும் தண்ணீரையும் அப்படியே விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை. மூன்று வருஷமாக எங்கள் வீட்டிலேயே இந்தச் சண்டைதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

என் மகளுக்கு 14 வயது. ஆறு வயதிலிருந்து நாட்டியம் கற்கிறாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் தேவனாம்பட்டினம் கடற்கரையில் காலையில் சிலம்பம் சுற்றும் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு நானும் போவேன் என்று அடம் பிடித்தாள். சரி, போகட்டும் என்று சேர்த்துவிட்டேன். (என் தாத்தா பாகூர் பக்கத்தில் கம்பு வாத்தியார். பெண்பிள்ளைகளுக்குச் சொல்லித்தர மாட்டேன் என்றவர். அது வேறு கதை.) முதல் நாள் வாத்தியார் எல்லோரையும் கால் அகட்டி நிற்கச் சொல்லி, ஒவ்வொருவர் முழங்காலுக்குப் பின்னாலும் கம்பால் லேசாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒவ்வொன்றாகத் தடுமாறின. இவள் நாட்டியத்தில் முழங்காலை மடக்கிப் பக்கவாட்டில் விரித்து நிற்கிற அரைமண்டியில் உட்கார்ந்திருந்தாள், அசையவில்லை. "இந்த இருப்பு எங்க கத்துக்கிட்ட பாப்பா?" என்று கேட்டார். எனக்கு ஒரே பெருமை. அந்தப் பெருமை நாலு நாள்கூட நிற்கவில்லை. ஜோடி போட்டு விட்டதும் முதல் வீச்சே இவள் முன்னங்காலில் விழுந்தது. நாட்டியத்தில் இரண்டு காலிலும் சமமாகப் பாரம் வைத்து ஊன்றிப் பழகியவள், கம்பு வரும்போது நகரத் தெரியாமல் நின்றிருக்கிறாள். "ஊன்றிட்டா அடி வாங்குவ, காலடி ஓடிக்கிட்டே இருக்கணும்" என்றார் வாத்தியார். சலங்கை கட்டுகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே நாவல்பழம் மாதிரி கன்றிப்போய், பத்து நாள் சலங்கையே கட்ட முடியவில்லை.

நாட்டிய வகுப்பில் அதைப் பார்த்துவிட்டார்கள். கம்பு பிடித்தால் தோள் இறுகிவிடும், அபிநயம் வராது, இரண்டில் ஒன்றை முடிவு பண்ணிக்கொண்டு வாருங்கள் என்றார்கள். உண்மையைச் சொன்னால் அவர்கள் சொன்னதில் பாதி சரிதான். ஆறேழு மாதம் இவள் விரல்களை மலர்ந்த தாமரை போல விரிக்கிற அலபத்மம் பிடித்தால் மேலேயிருந்து விழும் எதையோ ஏந்துவது போலத்தான் இருந்தது, தோள் காதைத் தொட்டது. அதற்கப்புறம் எப்போது இறங்கியது என்று தெரியவில்லை, இறங்கிவிட்டது. இப்போது நாட்டடவு என்ற அடவில் காலை நீட்டி வைக்கும்போது பாரம் எந்தக் காலில் இருக்கிறது என்று அவளுக்கே தெரிகிறது, முன்பு அது தெரியாது. இரண்டையும் ஒட்டுப்போட்டு அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தனித்தனியாகக் கற்றதை உடம்பே எங்கேயோ சேர்த்துக்கொண்டது.

பெரியவரிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தச் சுத்தமான பால் எந்த வருஷத்துப் பால்? தேவதாசிகள் ஆடிய சதிர் என்று இருந்ததுதான் 1930களில் பரதநாட்டியம் ஆனது. ருக்மிணி தேவி 1936இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய காலத்தில் உடை மாறியது, மேடை அமைப்பு மாறியது. அன்றைக்கும் கெடுத்துவிட்டார்கள் என்று சொன்னவர்கள் உண்டு. இன்னும் பின்னால் போக வேண்டுமா? சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோர் ஆடலில் மல் என்று ஒன்று இருக்கிறது. மாயோன் வாணாசுரனோடு மல்யுத்தம் செய்து ஜெயித்ததை ஆடிக் காட்டுவது. நம் ஊரிலிருந்து பஸ் ஏறினால் சிதம்பரம், அங்கே கோபுர வாசல்களில் 108 கரணச் சிற்பங்கள், அதாவது கையும் காலும் சேர்ந்த நடன அசைவுகள். அந்தக் கரணங்களைச் சொல்லும் நாட்டிய சாஸ்திரமே அவை நடனத்துக்கு மட்டுமல்ல, சண்டைக்கும் ஆகும் என்கிறது. மேடையில் ஆயுதம் விடுவதற்கும் போர் செய்வதற்கும் எந்தெந்த அடி வைப்பு என்று சாரிகளைப் பற்றி ஒரு அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறது. விராடனின் அரண்மனையில் உத்தரைக்கு ஆடச் சொல்லிக்கொடுத்ததும் காண்டீபம் பிடித்த கைதானே?

நடனக் கலைஞர் சந்திரலேகா பரதம் கற்றது காஞ்சிபுரம் எல்லப்பா பிள்ளையிடம், முறையான அரங்கேற்றத்தோடு. அப்படிப்பட்டவர்தான் 1985இல் 'அங்கிகா' என்ற படைப்பில் பரதத்தையும் களரியையும் யோகாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். எனக்கு அதில் பிடித்தது, எதையும் விட்டுக்கொடுக்காமல் அரைமண்டியும் களரியின் தாழ்ந்த நிலையும் ஒரே குடும்பம் என்று காட்டியது.

அப்புறம் நம் பக்கத்திலேயே, ஆரோவில் தாண்டி இடையஞ்சாவடி ரோட்டில் இருக்கிற ஆதிசக்தி நாடகக் குழு. வீணாபாணி சாவ்லா 1981இல் மும்பையில் தொடங்கி, 1990களில் இங்கே கொண்டுவந்தார். 2014இல் அவர் காலமான பிறகும் அவரிடம் பயின்றவர்கள் நடத்துகிறார்கள். களரி, கேரளத்துச் சமஸ்கிருத நாடகமான கூடியாட்டத்தின் மூச்சுப் பயிற்சி, கண் பயிற்சி, அதற்கு வாசிக்கிற மிழாவு என்ற முழவின் தாளம் எல்லாம் அங்கே நடிகர்களின் பாடத்தில் உண்டு. அந்தக் குழுவின் நிம்மி ரஃபேல் கேரள கலாமண்டலத்தில் மோகினியாட்டமும் குச்சிப்புடியும் முறையாகப் படித்துவிட்டு நாடகத்துக்கு வந்தவர். போன வருஷம் மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே ஒரு நாடகம் பார்க்கப் போனேன். கோபம் வருகிற இடத்தில் அந்த நடிகர் முகத்தை ஒன்றும் செய்யவில்லை, மூச்சு மட்டும் அடிவயிற்றிலிருந்து மாறியது, மூன்றாவது வரிசையில் இருந்த எங்களுக்கு அது தெரிந்தது. மகள் என் கையைக் கிள்ளி, "அம்மா, கம்பு இறக்குறதுக்கு முன்னாடி வாத்தியார் இப்படித்தான் மூச்சு விடுவார்" என்றாள். நான் அதைக் கவனித்ததே இல்லை.

சரி, கலப்படமே கிடையாதா என்றால், உண்டு. ஒரு பள்ளி ஆண்டு விழாவில் பார்த்தேன், பெயர் வேண்டாம். 'ஃப்யூஷன்' என்று அறிவித்தார்கள். எட்டுப் பெண்கள் தில்லானா ஆடிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று சினிமா இசை போட்டு, இரண்டு பையன்கள் பிளாஸ்டிக் கம்பை அரை நிமிஷம் சுற்றிவிட்டு ஓடினார்கள். மூன்று வாரம் பழகியதாம். ஒரு கம்பு கை நழுவி முன்வரிசை நாற்காலிக் காலில் பட்டது. பெரியவர் அதைத் திட்டி எழுதியிருந்தால் முதல் கையெழுத்து என்னுடையதாக இருந்திருக்கும். பத்து வருஷம் ஒரு கலையில் உடம்பைக் கொடுத்துவிட்டு இன்னொன்றைத் தொடுகிறவரையும், இதையும் ஒரே தராசில் போடலாமா?

என் குறை வேறு. பாரீசிலிருந்து தியேத்ர் துய் சொலேய் என்ற நாடகக் குழு வந்து கூத்து வாத்தியார் புரிசை கண்ணப்ப சம்பந்தனிடம் தெருக்கூத்து கற்றுக்கொண்டு போய், 2016இல் அங்கே மேடையேற்றியது. கூத்துக்காரரின் கிர்கி என்ற சுழற்சியும் அடவும் அவர்களுக்குப் புதுப் பாடமாக இருக்கிறது. நமக்கோ பண்ருட்டிப் பக்கம் விடிய விடியக் கூத்து நடந்தால்கூடப் பேப்பரில் இரண்டு வரி வருவதில்லை. புதுச்சேரியில் நடக்கும் இந்த மாதிரி நாடகங்களுக்கு நான் பார்த்த நோட்டீஸ்களில் பாதி ஆங்கிலம், மீதி பிரெஞ்சு. அப்புறம் தமிழ் ஜனம் வரவில்லை என்கிறார்கள். யார் கூப்பிட்டார்கள்?

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியில் பட்டிமன்றத்தையும் கும்பாபிஷேகத்தையும் போடுவது போல இதையும் போடுங்கள், இடமும் நேரமும் டிக்கெட் விலையும் தமிழில். சினிமாவுக்கு அரைப்பக்கம் விமர்சனம் எழுதுகிற உங்கள் நிருபர் ஒருவரை மாதம் ஒருமுறை அனுப்பி, பிடித்தது பிடிக்காதது இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். நாடகம் போடுகிறவர்களும் இதைப் படித்தால் ஒரு விஷயம்: ஏழரைக்கு ஆரம்பித்து ஒன்பதரைக்கு விட்டால், ஆட்டோ கேட்கிற காசைக் கொடுத்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, அங்கிருந்து கடலூர் வந்து சேர நடுராத்திரி ஆகிவிடுகிறது, மறுநாள் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். ஆறு மணிக்கு ஆரம்பியுங்கள். சிலம்ப வாத்தியாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.